ஈசானிய மூலைத் தூம்பு

திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் எல்லாவற்றையும் நம்புவார். சின்னவர் எதையும் நம்பமாட்டார். எனக்கு வாய்த்தவர் சின்னவர். இரண்டு பேருக்கும் பொதுவாக வீட்டின் பின்பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் விழும். விழுந்த தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போக வேண்டும் என்று அந்த வீட்டில் வருஷக்கணக்காக ஒரு சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் கலந்துகொள்ளாதது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

பெரியவர் பத்திரம் எழுதுகிறவர். கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் கொல்லை என்று ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை எழுதி எழுதி, திசைகளைத் தாம்தான் கண்டுபிடித்தது போல ஒரு நினைப்பு. பஞ்சாங்கம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டார். என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. வேண்டுமென்றே ராகு காலம் பார்த்து மாலை மாற்றிக்கொண்டோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராகு காலம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவர்தான்.

வீடு தெற்குப் பார்த்தது. முன்பக்கம் செங்கல், பின்பக்கத்து அறைகள் மண்சுவர், மேலே நாட்டு ஓடு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. தோட்டத்தில் கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், சுற்றிலும் மதில். மதிலின் வடகிழக்கு மூலையில், தரையோடு தரையாக, ஒரு சாண் அகலத்தில் ஒரு தூம்பு. மழைத் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும் அந்தத் துவாரத்தின் வழியாக வெளியே ஓடையில் இறங்கி ஏரிக்குப் போய்விடும். யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதைக் கவனித்ததும் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிற எதையும் அந்த வீட்டில் கவனிக்கமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

அந்தத் தூம்பு கவனிக்கப்பட்டதற்குக் காரணம் என் ஓரகத்தி. பெரியவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லை. வீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பன்னிரண்டு வருஷம் பார்க்கப்பட்டதில் அந்த முகமும் இறுகிப் போயிருந்தது. சிரிக்கமாட்டாள். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டதால் கோபித்துக்கொண்டு போக ஒரு வீடும் கிடையாது.

ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒரு வருஷம், பெரியவருக்கு எவரோ ஒரு பழைய வாஸ்துச் சுவடியைப் படித்துச் சொன்னார்கள். வீட்டுத் தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், வெளியேறினால் வம்சம் விருத்தியாகுமாம். வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தார். தூம்பு ஈசானியத்திலேயே உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் அதை மதிக்காமல் விட்டதுதான் குற்றம் என்று முடிவு செய்தார். மறு வெள்ளிக்கிழமையிலிருந்து தூம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நான் பாத்திரம் தேய்த்த தண்ணீர் அந்தக் கற்பூரத்தை அணைத்துக்கொண்டு வெளியே போகும்.

எட்டு மாதம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். அவள் சாப்பிடாத லேகியம் இல்லை, சுற்றாத அரச மரம் இல்லை, பெருமுக்கல் மலை ஏறி ஏறி முழங்கால் தேய்ந்தது. கடைசியில் பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஒரு சாக்கடை ஓட்டை.

என் வீட்டுக்காரர் பல விஷயங்களைப் பொறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பல்லி விழுந்ததற்குப் பலன் பார்த்ததைப் பொறுத்துக்கொண்டார். பூனைக்குப் பயந்து பாதி வழியில் திரும்பி வந்ததைப் பொறுத்துக்கொண்டார். அண்ணிக்குப் பிள்ளை கொடுத்தது தூம்பு என்று தெருவெல்லாம் பேச்சானதும், வேறு தெருப் பெண்கள் அதைக் கும்பிட வந்ததும்தான் தாங்கவில்லை. ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், செங்கலும் சிமென்டும் வைத்துத் தூம்பை அடைத்துவிட்டார். சிமென்டுக்கு பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. அதை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் தண்ணீர் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டேன்.

"தண்ணிக்குத் தெச தெரியாது. நாம வெட்டற பக்கம் போவும்" என்றார்.

முதல் பாதி சரிதான். இரண்டாவது பாதிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பெரியவர் திரும்பி வந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, பஞ்சாங்கத்தை எடுத்தார். அடைபட்ட ஈசானியத்தைத் திறப்பதென்றால் வாஸ்து புருஷன் கண் விழிக்கிற நாளில்தான் திறக்க வேண்டும். ஆவணியில் விழித்து எழுந்து பல் துலக்கிச் சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார். புரட்டாசியில் அவர் எழுந்திருப்பதே கிடையாது. இனி ஐப்பசியில்தான். அதுவரை ஒருவரும் அந்தச் செங்கல்லில் கை வைக்கக் கூடாது, வைத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, தம்பி விஞ்ஞானத்தால் அடைத்ததை அண்ணன் சாஸ்திரத்தால் காவல் காத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே காரியம் அதுதான்.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக்காரர் கால்வாய் கட்டினார். தோட்டத்திலிருந்து வீட்டின் மேற்குச் சுவர் ஓரமாகத் தெற்கே வந்து, தெருச் சாக்கடையில் போய்ச் சேருகிற கால்வாய். எமன் திசையில் தண்ணீரை விட்டுக் காட்டுகிறேன் என்பது அவர் சங்கல்பம். வெள்ளைக்காரன் எழுதிய ஒரு சுகாதாரப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கொத்தனாரைக் கூப்பிடாமல் தாமே கட்டினார். நூல் பிடித்துக் கட்டினார். பார்க்க அவ்வளவு நேராக இருந்தது. ஆனால் நூல் பிடித்தால் நேர் வரும், வாட்டம் வராது. தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை ஒரு பக்கம் சற்றே தாழ்த்தி வைக்கிறார்களே, அந்த வாட்டம். அது கல் சுமக்கிற சித்தாளுக்குத் தெரியும். புத்தகத்தில் அது எத்தனையாவது பக்கத்தில் இருந்ததோ, அவர் அதுவரை படிக்கவில்லை.

கட்டி முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கால்வாயின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் சற்று நேரம் யோசித்தது. பிறகு தெருப் பக்கம் போகாமல், மெல்லத் திரும்பி அவர் காலடிக்கே வந்தது.

"போர்ஸ் பத்தல. மழ வந்தா போவும்" என்றார்.

மழை வந்தது. புரட்டாசி முடிகிற வாரம் மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கள் தெரு கப்பி ரோடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கப்பி கொட்டி உருட்டி, தெரு உயர்ந்துகொண்டே போயிருந்தது. வீடு அது கட்டின இடத்திலேயே இருந்தது. எங்கள் தோட்டத்தைவிடத் தெருச் சாக்கடை ஒரு முழம் மேலே இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் குடும்பத்தோடு கண்ணால் பார்த்தோம். எங்கள் தண்ணீர் வெளியே போகக் கட்டிய கால்வாய் வழியாகத் தெருத் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்தது. கும்பலாக வந்தது. ஓட்டல் எச்சில் இலை வந்தது, தேங்காய் ஓடு வந்தது, ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. வந்ததெல்லாம் போக வழியில்லாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. கிணற்றடிக்குப் போக நாங்கள் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் இது சாதாரண மழை இல்லை என்று மழையின் மேல் குற்றம் சொன்னார். பெரியவர் இது சாதாரணக் கோபம் இல்லை என்று வாஸ்து புருஷனுக்காக வக்காலத்து வாங்கினார். இரண்டு பேரும் நடையில் உட்கார்ந்துகொண்டு, கால் நனையாமல், இதைப் பற்றி இரண்டு நாள் வாதாடினார்கள்.

நானும் முதலில் அந்தத் தண்ணீரை ஒரு பேஜாராகத்தான் நினைத்தேன். ஆனால் பின்னறைச் சுவர் வேறு கதை சொன்னது. அக்காவுக்குப் பிரசவம் பார்க்க ஒதுக்கிய அறை அது. தோட்டத்துத் தண்ணீர் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. முதலில் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மறுநாள் ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. தரை வியர்த்தது. பானையில் வைத்த புளி இளகியது. சுவர் ஓரத்தில் கிடந்த கட்டிலின் ஒரு கால் மட்டும் தரையில் இறங்கிவிட்டது; படுத்தால் தலை ஒரு பக்கம் சாய்கிறது என்று அக்கா சொன்னாள். அந்தக் கட்டிலில்தான் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அவள் பிள்ளை பெற வேண்டும்.

எங்கள் வீட்டில் தரை மெழுகவும் மண் பூசவும் ஏரிக்கரைக் காலனியிலிருந்து ஒரு பெண் வருவாள். ஊரில் பாதி மண்சுவர் அவள் கை பட்டது. அவளை அழைத்து வந்து காட்டினேன். சுவரில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரல் நகம் வரை உள்ளே போனது.

"சொவுரு சோறு மாதிரி கொழஞ்சி கெடக்குதும்மா. இன்னும் ரெண்டு மழதான். ஒண்ணு தண்ணிய எடுத்துடு, இல்ல ஆள எடுத்துடு" என்றாள்.

ஆளை எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முன்பக்கத்து அறையில் சாமி படம் இருப்பதால் அங்கே பிரசவத் தீட்டு ஆகாது என்றார் பெரியவர். எங்கள் பக்கத்து அறையைக் கொடுக்க என் வீட்டுக்காரர் தயார். ஆனால் விளக்கேற்றாத அறையில் என் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெரியவர் மறுத்துவிட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரி என்றேன். தலைச்சன் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஜாதகம் கணிக்க நேரம் சரியாகக் குறிக்கமாட்டார்கள் என்றார். மனைவி மேல் சுவர் விழுந்தால் அந்த நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொள்வார் போலிருக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு மத்தியானம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"அத அடச்சதுலேர்ந்து எனக்கு மூச்சு முட்டிக்கினே இருக்குதுடி. உள்ள இருக்கறதும் அசையற மாதிரி தெரியல. எப்டினா தெறந்து வுட்டுடேன்" என்றாள்.

எனக்குத் தூம்பில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஈரச் சுவரில் நிரம்ப நம்பிக்கை உண்டு. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவளை ஒரு சாண் ஓட்டைக்காகச் சாகக் கொடுக்க நான் தயாராக இல்லை.

திறப்பதற்கு முன் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தேன். இரண்டு ஆண்பிள்ளைகள் செய்யாததை நானாவது செய்து பார்க்க வேண்டுமே. அடுப்பெரிக்க ஒரு சாக்கு நிறைய மல்லாட்டைத் தோல், அதாவது நிலக்கடலை உரித்த தோல், வைத்திருந்தோம். மழை விட்டிருந்த நேரத்தில் இரண்டு முறம் தோலை அள்ளித் தண்ணீர் மேல் பரவலாகத் தூவிவிட்டு, படியில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா மிதந்தன. பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்தன. கிணற்றைச் சுற்றிக்கொண்டு, முருங்கை மரத்தைத் தாண்டி, எல்லாம் ஈசானிய மூலைக்குப் போய், அடைத்த செங்கல்லுக்கு முன்னால் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. கால்வாய் வாயில் போட்ட தோலோ என் வீட்டுக்காரருக்கு மரியாதை கொடுக்காமல் உள்ளே திரும்பி வந்தது. வாஸ்து சாஸ்திரமும் சரி, பகுத்தறிவும் சரி, இரண்டு முறம் மல்லாட்டைத் தோல் செய்த வேலையைச் செய்யவில்லை.

அமாவாசை வந்தது. பெரியவர் மேல்மலையனூர் அங்காளம்மனிடம் முறையிட்டு வருவதாக விடிகாலையே பஸ் ஏறினார். அங்கேயே தங்கி மறுநாள்தான் வருவார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ரயிலுக்கு ஓடினார். அவர் போன பிறகு வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்த வந்தேன். அவருடைய சாப்பாட்டு அடுக்கு நடையில் முக்காலி மேல் அப்படியே இருந்தது. உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவருக்குச் சோறு ஞாபகம் இருக்காது. அதைப் பார்த்துக் கவலைப்பட எனக்கு நேரமில்லை. பின்பக்கம், நான் வரச் சொல்லியிருந்த மண் பூசுகிற பெண் கடப்பாரையோடு வந்து நின்றாள்.

அடைப்பை உடைப்பது லேசாக இல்லை. மனுஷர் எதை அடைத்தாலும் உறுதியாக அடைப்பார். நானும் அவளும் மாறி மாறிக் குத்தினோம். என் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. அக்கா பின்னறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் செங்கல் விழுந்ததும் தண்ணீர் அந்த இடுக்கில் ஒரு சத்தம் போட்டது. இரண்டாவது செங்கல்லோடு பாய ஆரம்பித்தது. வரிசையில் நின்ற தோல் எல்லாம் ஜல்தியாக வெளியே போயிற்று. எச்சில் இலை போயிற்று. கடைசியாக அந்த ஒற்றைச் செருப்பு வந்து தூம்பில் குறுக்கே மாட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது. அதைப் பார்த்து அக்கா சிரித்தாள். முதலில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அடக்க முடியாமல் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அங்கேயே பிள்ளை பெற்றுவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் தோட்டத்தில் சேறுதான் மிச்சம். பிறகு அந்தப் பெண் சொல்லச் சொல்லச் செய்தோம். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழுந்து ஊறுவதும் ஒரு காரணம் என்றாள். சுவரின் அடியில் களிமண் கொட்டி, வெளிப்பக்கம் வாட்டம் வைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். அதன் மேல் உடைந்த ஓடுகளைப் பதித்தோம். அங்கிருந்து தூம்பு வரை தண்ணீர் ஓட ஒரு சாண் அகலத்துக்கு ஆழமில்லாமல் ஒரு தாரை வெட்டினோம். என் வீட்டுக்காரர் கால்வாய்க்குத் தெரு முனையில் ஒரு கல் பலகை போட்டு மூடியிருந்தார். அதற்கு அடியில் சாக்கில் களிமண் கட்டித் திணித்து அடைத்தோம். தூம்பில் அடிச் செங்கற்களை மட்டும்தான் எடுத்திருந்தோம். மேல் வரிசை அப்படியே இருந்தது. முன்னால் ஒரு உடைந்த ஆட்டுக்கல்லைச் சாய்த்து வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும் பார்க்க ஆள் கிடையாது. அடைபட்ட ஈசானியத்தைப் பார்க்கச் சகிக்காமல் பெரியவர் அந்தப் பக்கம் போவதில்லை. ஜெயித்துவிட்ட இடத்தில் சின்னவருக்கு வேலையில்லை.

மூன்று பெண்களும் யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். பெரியவருக்குத் தெரிந்தால் அமாவாசையில் இரும்பால் இடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்று மறுபடி அடைத்துத்தான் திறப்பார். சின்னவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். காலி அடுக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்து வாசலில் வெகு நேரம் நின்றார். நான் கையைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன்.

"கால்வா வேல செய்யுது போல இருக்குதே" என்று முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போர்ஸ் வந்திடுச்சிங்க" என்றேன்.

மறுநாள் பெரியவர் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்து, காய்ந்த தோட்டத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்காளம்மன் கையோடு கையாக வேலையை முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு நாளும் இல்லாத அதிசயமாக அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் ஜெயித்தார்கள். என் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு என்ன காரணம் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி அடைமழையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே சுவர் நின்றது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்தபோது நான் அழுதேன். குழந்தையைப் பார்த்து அழுதேனா, சுவரைப் பார்த்து அழுதேனா என்று தெரியவில்லை.

வாஸ்து புருஷன் கண் விழித்த நாளில் வீட்டில் பிரசவத் தீட்டு. அதனால் தூம்பு திறக்கும் விழா தள்ளிப்போனது. அடுத்த நாள் குறித்தபோது என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். என் செங்கல்லில் கை வைத்தால் நடப்பது வேறு என்றார். அதற்கடுத்த வாஸ்து நாளிலும் அப்படித்தான். திறந்து கிடந்த ஒரு தூம்பைத் திறக்கலாமா கூடாதா என்று அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். அக்காவும் நானும் அடுப்பங்கரையில் குழந்தைக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டே இதைக் கேட்போம். அக்கா என்னைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் சிரித்துவிடுவாள். அவளுக்கு இப்போது சிரிப்பு சுலபமாக வந்தது.

இதில் எனக்கென்று ஒரு தண்டனை இருந்தது. விழுப்புரம் பாசஞ்சரில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் கால்வாயின் பெருமையைச் சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பார்க்க வருவார்கள். தினமும் கிணற்றடித் தண்ணீர் ஓடுவதாகச் சொல்லப்படுகிற கால்வாய் எறும்பு ஊர்ந்து, புழுதி படிந்து கிடந்தால் என்ன ஆகும்? ஆள் வருகிற செய்தி தெரிந்ததும் நான் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் அதன் நீளத்துக்கும் ஊற்றி நனைத்து வைப்பேன். அவருடைய மானத்தை நான் குடத்தில் சுமந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. கூட்டேரிப்பட்டிலிருந்து புது வீடு கட்டுகிற ஒருவர் வந்து, நூல் போட்டு அளந்துகொண்டு போய், அதே மாதிரி தம் வீட்டில் கட்டினார். அங்கே நிலம் தெற்கே சரிவு. கால்வாய் அருமையாக வேலை செய்ததாம். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சும்மா இருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஆறு வருஷம் ஆயிற்று. அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நல்ல ஜுரம். பின்னறைக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கூட்டேரிப்பட்டுக்காரர் தம் மைத்துனரை அழைத்துக்கொண்டு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். கால்வாய் காய்ந்து கிடக்குமே என்று கவலை. எழுந்திருக்க முடியவில்லை. அப்போது மேற்குப் பக்கத்திலிருந்து களக் களக்கென்று தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அக்காதான் என்று நினைத்தேன். அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கால்வாயை நனைத்துக்கொண்டிருந்தார். நான் எந்த இடத்திலிருந்து ஆரம்பித்து எந்த இடத்தில் முடிப்பேனோ அதே மாதிரி, கொஞ்சம்கூடப் பிசகாமல்.

அவர் உள்ளே வந்ததும் அக்கா கஞ்சியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"எத்தினி நாளா தெரியும்?" என்று கேட்டேன்.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 

"அன்னிக்கி சாப்பாட்ட மறந்துட்டேன்னு பாதி வழியிலேர்ந்து திரும்பி வந்தேன். கடப்பாரச் சத்தம் கேட்டுது. பின்கதவு வரைக்கும் வந்து பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டுமா சும்மா போனீங்க?"

"அண்ணி சிரிச்சிக்கினு இருந்தாங்க. அத்தினி வருசத்துல அவங்க சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அடுக்க எடுத்துக்கினு அடுத்த வண்டிக்குப் போயிட்டேன்."

எனக்கு ஜுரத்திலும் எல்லாம் விளங்க ஆரம்பித்தது. தூம்பைத் திறக்க விடமாட்டேன் என்று வருஷா வருஷம் அண்ணனோடு அவர் நின்ற மல்லுக்கட்டு எதற்கு என்று விளங்கியது. அண்ணன் அங்கே போய்ப் பார்த்துவிடக் கூடாது. கால்வாய் தம்முடைய பெரிய தோல்வி என்று தெரிந்துகொண்டே ரயிலில் ஊர் முழுக்க அதன் புகழைப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார், தோட்டம் காய்ந்ததற்கு வேறு காரணம் யாரும் தேடாமல் இருக்க. இந்த மனுஷரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததில் பாதி தப்பு. அதைக் காட்டிக்கொள்ள இஷ்டமில்லை.

"அப்பறம் இத்தினி வருசமா கொடத்த நான் எதுக்குத் தூக்கினேன்?" என்றேன்.

அதற்குள் வாசலில் ஆள் வந்து கூப்பிட்டார்கள். எழுந்து, ஈர வேட்டியை உதறிவிட்டுக்கொண்டு போனார். மேற்குப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. கூட்டேரிப்பட்டுக்காரரின் மைத்துனருக்குக் கால்வாயைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குத் தெச தெரியாதுங்க. நாம வெட்டற பக்கம் போவும்."

நான் கம்பளியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அக்கா கதவருகில் நின்று, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.